அஞ்சுவரிச் சாமியின் பங்காளி

அரியலூர் மாவட்டத்திலேயே சொந்தபந்தம் அதிகம் உள்ள மனிதர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். எங்கள் அரசு அலுவலகத்தில் கோப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தர்தான். மற்றவர்களுக்கு மாமன் மச்சான் ஜெயங்கொண்டத்தில் இருப்பார்கள், மிஞ்சிப்போனால் சிங்கப்பூரில் இருப்பார்கள். இவருடைய சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கடலுக்கு அடியில் இருந்தார்கள். மீதிப் பேர் செத்துக் கல்லாகி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடந்தார்கள்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதை உபயோகித்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘பங்காளி’தான். டீக்கடைக்காரர்கூட ‘பங்காளிக்கு ஒண்ணு, சக்கரை கம்மி’ என்றுதான் சொல்வார்.

நான் குரும்பலூர்க்காரன். பெரம்பலூர் போய் பஸ் மாறி அரியலூருக்குத் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தேன். மாற்றலாகி வந்த முதல் நாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒல்லியான ஓர் உருவம் மேலே கவிழ்ந்து மோப்பம் பிடித்தது.

“எறால் தொக்குங்களா சார்?”

“ஆமாங்க, கொஞ்சம் எடுத்துக்குங்க.”

“தாராளமா சாப்பிடலாம்ங்க. எறா நமக்குச் சொந்தமே இல்ல. நண்டு, நத்தை, கணவா எதுவுமே நமக்கு உறவுமுறை ஆவாதுங்க. ஆனா எவனாவது கடல் அட்டையைக் குடுத்தான்னா வாங்கிடாதீங்க. அது பங்காளி.”

கையைக் கழுவிக்கொண்டு வந்து அரை டப்பாத் தொக்கைக் காலி செய்தார். சொந்தமில்லாததைச் சாப்பிடும்போது மனிதருக்கு என்ன நிம்மதி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார். அவர் விலங்கியல் பட்டதாரி. கல்லூரியில் மூன்று வருடம் படித்ததில் அவர் மனதில் தங்கியது ஒரே ஒரு விஷயம்தான்.

“கரு உண்டாவுது இல்லீங்களா, மொத மொத அதுல ஒரு ஓட்டை விழும். புழு, நத்தை, கணவா மாதிரி கூட்டத்துக்கு அந்த ஓட்டை வாயாப் போவும்னு வெச்சுக்குங்க. நமக்கு அப்படி இல்ல. மொத ஓட்டை பின்பக்கம் ஆயிரும். வாய் அதுக்கப்புறம்தான். இந்த உலகத்துல நம்மள மாதிரியே பின்னாடி மொதல்ல, முன்னாடி அப்புறம்னு பொறக்குறது யாருன்னு நெனைக்கிறீங்க? நட்சத்திர மீனும், முள்ளுப் பந்து மாதிரி இருக்குற கடல் முள்ளெலியும், அந்தக் கடல் அட்டையும்! அப்ப நமக்கும் அதுங்களுக்கும் பாட்டன் ஒருத்தன்தானங்க?”

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சாந்தி அக்கா தன் டிபன் பாக்ஸைப் பட்டென்று மூடினார். “சாப்புடுற நேரத்துல என்னங்க பேச்சு இது! தெனமும் இதேதானா?”

தினமும் இதேதான். வாய் இரண்டாவதாக வந்தது என்ற தகவலை முதலில் நான் நம்பவில்லை. மாதாந்திரக் கூட்டங்களில் சில மேலதிகாரிகள் பேசுவதைக் கேட்ட பிறகு நம்பிவிட்டேன்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுவார்கள். பங்காளி நட்சத்திர மீனோடு போடுவார். ஒரு சமயம் அதிகாரியின் நாற்காலி நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. எல்லோரும் கவலைப்பட்டபோது பங்காளி மட்டும் அசரவில்லை. “கடல்ல ஆம்பியாக்சஸ்னு ஒண்ணு இருக்குங்க. வெரல் நீளம். முதுகுல எலும்புக்குப் பதிலா ஒரு நாண் மட்டும் ஓடும், தலைன்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் கெடையாது. அது பாட்டுக்குக் கோடிக்கணக்கான வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம ஆபீஸ் ஓடாதா?” என்றார். ஓடியது. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று நான் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கடலில் பாறையோடு ஒட்டிக்கிடக்கும் பை மாதிரி ஒரு பிராணியைப் பற்றிச் சொன்னார். குஞ்சாக இருக்கும்போது அதற்கு வால் உண்டு, வாலில் நம்மைப்போலவே முதுகுநாண் உண்டு, நன்றாக நீந்தும். ஒரு பாறை கிடைத்ததும் தலைகீழாக ஒட்டிக்கொண்டு வாலையும் நாணையும் கரைத்துவிடும்.

“அதுக்கப்புறம் என்ன பண்ணும்?” என்றேன்.

“தண்ணியை உறிஞ்சும், தண்ணியைத் துப்பும். அவ்வளவுதாங்க சார்” என்று என் மேஜையையும் டீ டம்ளரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவரை மடக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஒருநாள் சாந்தி அக்கா வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பைப் பங்காளி வழித்து நக்கிக்கொண்டிருந்தபோது சமயம் வாய்த்தது.

“பங்காளி, ஆட்டுக்கு முதுகெலும்பு உண்டுதானே?”

“உண்டுங்க.”

“அப்ப நட்சத்திர மீன் ஒண்ணுவிட்ட பங்காளின்னா, ஆடு கூடப்பொறந்த அண்ணன் மாதிரி. கடல் அட்டையைத் தின்னா பாவம்னு சொல்லிட்டு அண்ணனைத் தின்னுறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?”

கை அப்படியே நின்றது. அப்புறம் மூன்று நாள் மதியம் அவர் கோப்பறைக்குள்ளேயே சாப்பிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் காலை நேராக என் மேஜைக்கு வந்தார்.

“யோசிச்சுப் பாத்தேன் சார். சொந்த அண்ணனைத் தின்னலாம். தப்பே இல்ல. அவன் நம்மள முழுசாத் தின்னுட்டுத்தான் உக்காந்துருக்கான்.”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

புது அதிகாரியாக ஒரு மேடம் வந்த வாரத்தில் பங்காளி தற்செயல் விடுப்பு கேட்டார். காரணம்: ‘பங்காளி வகையில் துக்கம்.’ மேடம் உடனே கையெழுத்துப் போட்டார். மறுநாள் கூப்பிட்டு அனுதாபமாக விசாரித்தார்.

“இறந்தது யாருங்க? வயசானவங்களா?”

“சில கோடி வருஷம் இருக்கும்ங்க மேடம்.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். சுரங்கத்தில் லாரி போகும் பாதையை அகலப்படுத்தியபோது ஓர் இடத்தில் கடல் முள்ளெலிகள் கல்லாகிக் கூட்டமாகக் கிடந்தனவாம். ஜேசிபி அத்தனையையும் அள்ளி நொறுக்கிவிட்டதாம். பங்காளி பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். விடுப்பை ரத்து செய்வதற்கு விதி இருக்கிறதா என்று மேடம் தேடினார். இறந்த பங்காளிக்கு எத்தனை கால்கள் இருக்கலாம் என்பது பற்றி அரசு ஆணை எதுவும் இல்லாததால் விடுப்பு ரத்தாகவில்லை.

இத்தனை சொந்தபந்தம் உள்ளவருக்கு வீட்டில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் சொந்த அண்ணன் இருக்கிறார், இருவருக்கும் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எங்களுக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரியவைத்தவள் அண்ணன் மகள் தேன்மொழி.

நர்ஸ் வேலை பார்க்கிற பெண். ஒருநாள் மதியம் அலுவலகத்துக்கு வந்து, “எங்க சித்தப்பா இருக்காங்களா?” என்று கேட்டாள். கோப்பறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நடந்தது முழுக்க எங்களுக்குக் கேட்டது. கேட்கக் கூடாது என்று யாரும் எழுந்து போகவும் இல்லை.

கதை இதுதான். அவர்கள் கொல்லையின் மூலையில் குலதெய்வம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உருண்டைக் கல். மேலே குமிழாக இருக்கும், அடிப்பக்கம் தட்டையாக நடுவில் ஒரு குழி இருக்கும். உச்சியிலிருந்து ஐந்து வரிகள் சீராக இறங்கும். யார் செதுக்கியது என்று யாருக்கும் தெரியாது. அஞ்சுவரிச் சாமி என்று பெயர். அந்த வம்சத்தில் மூத்தவர் மட்டும்தான் அதைத் தொட்டுப் பொட்டு வைக்கலாம். அந்த வகையில் அண்ணனுக்குத்தான் பூசாரி வேலை.

பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த பங்காளி, ஆடி மாதப் பொங்கலில் அத்தனை தலைக்கட்டுக் குடும்பங்களும் கூடியிருந்தபோது அந்தக் கல்லை முதல்முறையாக உற்றுப் பார்த்திருக்கிறார். கடல் முள்ளெலி. சந்தேகமே இல்லை. அந்த ஐந்து வரியும் அதன் கால்கள் இருந்த வரிசை. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கையில் சான்றிதழ் ஈரம் காயாத வயசு.

“அண்ணே, இதுக்கு வாய் அடியிலதான் இருக்கு. உச்சியில இருக்கறது பின்பக்கம். நீ இத்தனை வருஷமா எந்த எடத்துல பொட்டு வெக்கிறேன்னு தெரியுமா?”

பங்காளிகள் கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் அன்றைக்கே தம்பியைத் தலைக்கட்டுக் கணக்கிலிருந்து நீக்கினார். நடுவில் சுவர் எழும்பியது. சாமிக்குப் பொங்கல் வைத்தால் சுவரைத் தாண்டி வாசனை மட்டும் வரும்.

தேன்மொழி அந்தச் சுவரை ஏறிக் குதித்துச் சித்தப்பாவிடம் கதை கேட்டு வளர்ந்தவள். இப்போது அவளுக்குத் தா.பழூரில் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள். சொந்தச் சித்தப்பன் பக்கத்து வீட்டில் இருக்க, பங்காளி வரிசையில் ஆளைக் காணவில்லை. தம்பியையே சேர்த்துக்கொள்ளாத வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது? அவர் வந்து நிற்காமல் தட்டு மாற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“அப்பா இறங்கி வந்துட்டாரு சித்தப்பா. ஞாயித்துக்கெழமை சாமிக்குப் பொங்கல் வெச்சுட்டுத்தான் நிச்சயம். நீங்க வரலாம்ங்கறாரு. ஆனா எல்லாருக்கும் முன்னாடி, அது சாமிதான்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம்.”

கோப்பறைக்குள் ஒரு கோப்பைத் தட்டித் தூசி உதிர்க்கும் சத்தம் கேட்டது.

“அது கடல் முள்ளெலிம்மா.”

“தெரியும் சித்தப்பா. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? குட்டியில அதுக்கும் நம்மள மாதிரி இடதும் வலதும் ரெண்டே பக்கந்தான், வளந்தப்புறம்தான் அஞ்சாப் பிரிஞ்சுச்சுன்னு. நீங்களும் அப்பாவும் அதவிட மோசம். ரெண்டு பேரு இருந்துக்கிட்டு ஊரையே பிரிச்சு வெச்சுருக்கீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.

அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. “சாமின்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன். தெனம் ஆபீஸ்ல எத்தனை பொய் சொல்றோம்” என்றார் சாந்தி அக்கா. மேடம்கூட, கேட்காமலே, திங்கட்கிழமைக்கு விடுப்பு தருவதாகச் சொன்னார். பங்காளி பழைய கோப்புகளைக் கட்டி அடுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தைவிட ஒரு கல்லின் வகைப்பாடு பெரிதா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். “பொய் சொன்னா அதுக்குக் கேவலம் இல்லீங்களா சார்?” என்றார். கல்லுக்குக் கேவலம் என்கிறாரா, பெண்ணுக்கா என்று எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை மாலை மட்டும் போன் செய்து, “நாளைக்கு நீங்களும் வாங்க சார். தனியாப் போவ ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

போனேன். கொல்லை நிறைய ஆட்கள். பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. சாமி சந்தனத்திலும் அரளிப்பூவிலும் புதைந்து, கண்ணுக்கே தெரியவில்லை. அண்ணன்காரர் பங்காளியைப் போலவேதான் இருந்தார், மீசை மட்டும் கூடுதல். தம்பியைப் பார்க்காமல் சாமியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வந்தவரு சொல்லட்டும். இது சாமியா, இல்லையா?”

தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். பங்காளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அண்ணனுக்குப் பதில் சொல்லாமல், மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் திரும்பினார். செத்தேன் என்று நினைத்தேன். அந்த ஓட்டைக் கதையை ஆரம்பிக்கப்போகிறார்!

“உங்க குலதெய்வம் யாருங்க அய்யா?”

“எங்க பாட்டனுக்குப் பாட்டன். ஏரிக்கரை ஒடையாம காத்துச் செத்தவரு.”

“ஆக, குலத்துல மூத்தவங்க செத்தாச் சாமி. சரிங்களா?”

“சரிதான்.”

“நமக்கெல்லாம் ஒரு பாட்டன் இருந்தான்ங்க. பேரு தெரியாது. மூஞ்சின்னு ஒண்ணு இருந்துச்சான்னுகூடத் தெரியாது. கடல்ல இருந்தான். அவன் வழியில ஒரு கிளை நாம. இன்னொரு கிளை இது. தாத்தா இல்லீங்க, பங்காளி. நமக்கு மனுஷ உருவம் வர்றதுக்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னாடி இதே மண்ணுல இருந்து செத்த பங்காளி. மத்தவங்க குலதெய்வம் ஏழு தலைமுறை, எட்டுத் தலைமுறை. எனக்குத் தெரிஞ்சு இந்த ஜில்லாவுல இதைவிட மூத்த பங்காளி யாருக்கும் கெடையாது. மூத்தவங்களைக் கும்பிடக் கூடாதுன்னு நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் போடல.”

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“கடல்ல இருந்த சாமிங்கிறீங்க. அவ்வளவு தூரத்துலேர்ந்து இங்க எப்படிங்க வந்துச்சு?”

“சாமி எங்கயும் வரலீங்க. கடல்தான் போயிருச்சு. சாமி இருந்த எடத்துலயே இருக்கு.”

பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கும்பிட்டார்கள். என் கையும் தானாகக் குவிந்திருந்தது. இருபது வருடம் விஞ்ஞானம் பேசிய மனிதர் ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு சாமியைப் பெரிய சாமியாக்கிவிட்டார்.

அண்ணன்காரர் மட்டும் கும்பிடவில்லை. குங்குமத் தட்டைத் தம்பியிடம் நீட்டினார். மூத்தவர் மட்டுமே தொடக்கூடிய சாமி. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“நீயே வை.”

பங்காளி மண்டியிட்டு அரளிப்பூவை விலக்கிச் சந்தனத்தைத் துடைத்தார். விரலில் குங்குமத்தைத் தொட்டவர் குனிந்து உற்றுப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். குமிழ் பக்கம் மேலே இல்லை. கல் தலைகீழாக, சிமெண்டில் பதித்து வைக்கப்பட்டிருந்தது. தட்டையான பக்கம் மேலே. நடுவிலிருந்த குழியைச் சுற்றிப் பழைய குங்குமம் கெட்டியாகப் படிந்து கிடந்தது, வருடக்கணக்கில் வைத்த குங்குமம்.

“அண்ணே… வாய் மேல இருக்கே?”

“பின்ன? வாய் அடியில இருந்தா வெச்ச பொங்கலை எப்புடிச் சாப்பிடும்?” அண்ணன்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ சொன்ன மறுநாளே திருப்பி வெச்சுட்டேன். படிச்சவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு. அதை அத்தனை பேருக்கு முன்னாடியா சொல்லுவே? தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருந்தா ஆவாதா?”

பங்காளி குழியின் ஓரத்தில் பொட்டு வைத்தார். பாதிக் குங்குமம் சிமெண்டில் விழுந்தது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன்தான் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தேன்மொழி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

பொங்கல் பரிமாறும்போது பங்காளிகள் முதல் வரிசை, மற்றவர்கள் அப்புறம். நான் வெளியூர்க்காரன், வேறு வகையறா. வேலி ஓரமாக ஒதுங்கி நின்றேன். முதல் வரிசையிலிருந்து ஒரு கை ஆடியது.

“சார், ஏன் தள்ளி நிக்கிறீங்க? வந்து உக்காருங்க. உங்களுக்கும் மொத ஓட்டை அதேதான்!”

கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் கறிவிருந்து. அலுவலகமே போயிருந்தோம். பங்காளி பக்கத்தில் என் இலை. அண்ணன்காரரே கறி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறி வந்தார். ஆட்டுக்கறி வாசனை தூக்கியது. பங்காளி இலையின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார்.

“எனக்கு வேணாம்ண்ணே. ரசம் போதும்.”

“என்னாச்சு? விடாமச் சாப்பிடுவியே!” என்றார் அண்ணன். வாளி அடுத்த இலைக்கு நகர்வதற்குள் பங்காளி என் காதருகே குனிந்தார்.

“கூடப்பொறந்தவன் இல்லீங்களா சார்? மனசு வரல.”

குரும்பலூரில் ரத்தத்தில் எனக்குப் பங்காளிகள் நான்கு பேர் இருக்கிறார்கள். எல்லையில் ஒரு வேலிக்குச்சி நகர்ந்தால் நால்வரும் ஒன்றாக வருவார்கள், மற்றபடி நான் இருக்கிறேனா இல்லையா என்று கேட்பதற்கு வரமாட்டார்கள். எனக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர். வாளி என் இலைக்கு வந்தபோது, பங்காளியின் கைக்குப் பக்கத்தில் என் கையையும் விரித்து வைத்தேன்.